அவகாசம் யாருக்கு?

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 15. வருமான வரிக் கணக்குக் காட்ட அன்றுதான் கடைசி நாள். நள்ளிரவை நெருங்கும் வேளையில் டெல்லியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது: "இன்னும் ஒரு நாள் தந்தோம்" என்று! அந்த ஒரு நாளிலும், இரவு 12 மணி முதல் இரண்டரை மணி வரை இணையதளத்தில் பராமரிப்பு வேலை என்றார்கள். கொடுத்த கையே கிள்ளியும் வைத்தது!

அந்த 15ஆம் தேதியும் முதலில் குறித்த தேதியல்ல. ஜூலை 31தான் கெடு. மே 27ஆம் நாளே அதைத் தள்ளிவைத்தார்கள். ஏன்? படிவங்களை மாற்றினார்களாம், கணினி ஏற்பாடு தயாராகவில்லையாம். துறைக்கு அவகாசம் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டது. யாரிடமும் மனுப் போடவில்லை, அபராதம் கட்டவுமில்லை. தொழிலாளி ஒரு நாள் தவறினால்? வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1000 ரூபாய், மேலே போனால் 5000. பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தது என்றாலும் கணினிக்குக் காது கிடையாது. மாமியார் உடைத்தால் மண்குடம்!

"வருமான வரி பணக்காரன் கவலை, நமக்கென்ன?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கம்பெனியிடம் சில்லறை ஒப்பந்தம் எடுத்துச் சுவருக்கு வர்ணம் பூசும் மேஸ்திரியின் பில்லில் நூற்றுக்கு ஒரு ரூபாய் பிடிக்கிறார்கள். பான் எண் தராதவனிடம் நூற்றுக்கு இருபது! ஐந்தாண்டு நிறையுமுன் வேலையை விட்டு, வருங்கால வைப்பு நிதியில் 50,000க்குக் குறையாமல் எடுப்பவனிடம் நூற்றுக்குப் பத்து. இவர்களில் பலர் வரியே கட்டவேண்டாதவர்கள். ஆனால் பிடித்த பணம் திரும்பவேண்டுமானால் கணக்குக் காட்டியாக வேண்டும்.

வட்டியைப் பாருங்கள். நாம் பாக்கி வைத்தால் மாதம் நூற்றுக்கு ஒன்று. சர்க்கார் நம் பணத்தை வைத்திருந்தால் நூற்றுக்கு அரை! நாம் கெடு தாண்டிக் கணக்குக் காட்டினாலோ, அந்த அரையும் ஏப்ரலிலிருந்து இல்லை, காட்டிய நாளிலிருந்துதான். ஒரே கஜானா, ஒரே ரூபாய், இரண்டு தராசு!

எண்பது வயது கடந்தவருக்குக் காகிதத்தில் காட்ட வழி வைத்தார்கள். மற்றவருக்கெல்லாம் கணினிதான். 2021 ஜூனில் திறந்த புதுத் தளம் தொடங்கிய நாளே படுத்துக்கொண்டது. அந்த ஆண்டுக் கெடு டிசம்பர் 31 வரை நகர்ந்தது. இன்னொரு பொறியும் உண்டு. கணக்கை அனுப்பினால் மட்டும் போதாது. 30 நாளுக்குள் அதைச் சரிபார்த்து உறுதிசெய்ய வேண்டும். ஆதாரில் பதிந்த பழைய செல்போன் எண் கைவிட்டுப் போயிருந்தால் ஓடிபி எங்கே வரும்? "முடிந்தது அண்ணே" என்று பிரவுசிங் சென்டர் தம்பி சொன்னதை நம்பி, பிறகு தாமதக் கட்டணம் கட்டியவர் உண்டு.

அமெரிக்கா தொழிலாளியின் சொர்க்கம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் இந்த ஒன்றில் அங்கே நாகரிகம் இருக்கிறது. ஏப்ரல் 15க்குள் 4868 எண் படிவத்தை இணையத்தில் அனுப்பினால் அக்டோபர் 15 வரை ஆறுமாத அவகாசம். காரணம் கேட்பதில்லை. வரியை இணையத்தில் செலுத்தும்போதே "இது அவகாசத்துக்காக" என்று குறித்தால், தனிப் படிவமும் வேண்டாம். பணம் கட்டும் தேதி மட்டும் நகராது. பாக்கிக்கு வட்டி உண்டு. அது நியாயமே. கணக்கு எழுத நேரம் கேட்பவன் வரி ஏய்ப்பவன் அல்லன் என்பதை அந்தச் சட்டம் ஒப்புக்கொள்கிறது.

நம் நாட்டில் தனி மனிதன் அப்படிக் கேட்க வழியில்லை. எல்லோருக்கும் சேர்த்து டெல்லி மனமிரங்கினால்தான் உண்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 2025இல் புதுச்சட்டம் எழுதினார்களே, அப்போதாவது இதற்கு இடம் வைத்திருக்கலாம். பிடித்த பணத்தைத் திருப்பும்போதும் நூற்றுக்கு ஒன்று வட்டி, கேட்டவனுக்கு இணையத்திலேயே அவகாசம்: இந்த இரண்டையும் நம் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் எழுப்பவேண்டும். கிளைத் தோழர்கள் கெடுவுக்குக் காத்திராமல் இப்போதே தங்கள் பகுதித் தொழிலாளரின் ஆதார் செல்போன் எண் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்து வைக்கட்டும்.