காசு தீர்ந்தது என்பதற்காகக் கருவியை நிறுத்தாதீர்கள்
குறைமாதப் பிள்ளைகளைப் பெற்றவர்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழக அரசுக்கும், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு நடத்தும் எல்லா மருத்துவமனைகளுக்கும்:

28 வாரம் நிறையும் முன்பே பிறந்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் நாங்கள். எங்களில் சிலரின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்; சிலரின் பிள்ளைகள் தங்கவில்லை. இரு தரப்பாரும் சேர்ந்தே இதை எழுதுகிறோம்.

23, 24 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு எதுவரை சிகிச்சை கொடுப்பது என்பதற்கு ஒரே விடை கிடையாது என்று எங்களுக்குத் தெரியும். நுரையீரல் முதிர்ந்திருக்காது, மூளையில் ரத்தம் கசியலாம். பிரிட்டனில் 2019-இல் வந்த மருத்துவ வழிகாட்டுதல், 22 வாரம் முதலே பிள்ளையின் வளர்ச்சி, தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா, பிறக்கும் இடத்தில் என்ன வசதி என்றெல்லாம் பார்த்து, பெற்றோருடன் பேசி முடிவெடுக்கச் சொல்கிறது. இங்கே பல குடும்பங்களுக்கு அந்த முடிவை எடுப்பது கையிருப்பு. முன்பணம் கட்ட முடியாத இரவில், மருத்துவர் சொல்லை மீறி அழைத்துப் போவதாக அப்பாவிடம் எழுதி வாங்குகிறார்கள். அம்மா சிசேரியன் தையலோடு வேறு மருத்துவமனையில் படுத்திருப்பாள். அவளை யாரும் கேட்பதில்லை. அப்படி வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று நாங்கள் ஏற்கமாட்டோம்.

பணமில்லை என்ற காரணத்துக்காக எந்தப் பிள்ளையின் வென்டிலேட்டரும் அகற்றப்படக் கூடாது. கட்ட முடியாத குடும்பம் என்றால், அரசு மருத்துவமனையில் இடம் உறுதிசெய்து, உரிய கருவிகளுள்ள ஆம்புலன்ஸில் அனுப்பும்வரை பொறுப்பு சிகிச்சை தொடங்கியவர்களுடையது. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்ற வரம்பு, மாதக்கணக்கில் இன்குபேட்டரில் இருக்கும் இந்தப் பிள்ளைகளுக்குத் தளர வேண்டும்.

வலி கண்டதுமே, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே, தாயை வசதியுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். மகப்பேறு மருத்துவரும் குழந்தை மருத்துவரும் ஒன்றாக உட்கார்ந்து அம்மா அப்பா இருவரிடமும் பேசுங்கள். உங்கள் மருத்துவமனையில் அந்த வாரத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். வெளிநாட்டுக் கணக்கு எங்களுக்குப் போதாது.

சிகிச்சை இனி வேதனையை மட்டுமே தரும் என்ற கட்டம் வந்தால், அதையும் மறைக்காதீர்கள். "எப்படியாவது காப்பாற்றுங்க டாக்டர்" என்று அழும் தகப்பனிடம் அதைச் சொல்வது கடினம்தான். ஆனாலும் சொல்லுங்கள், ஒரு நாள் யோசிக்க விடுங்கள். நிறுத்துவது என்று முடிவானால் வலிமருந்து நிற்கக் கூடாது. நெற்றியிலும் கன்னத்திலும் ஒட்டிய பிளாஸ்திரியை மெதுவாக எடுத்து, பிள்ளையை அம்மாவின் மார்பில் கிடத்துங்கள். மூச்சு விட்டுப் பிறந்தது எத்தனை வாரத்துப் பிள்ளையானாலும் அது உயிருள்ள பிறப்பு என்கிறது 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். ஒரு மணி நேரமே இருந்தாலும் அந்தப் பிறப்பைப் பதியுங்கள்.

பிழைக்க வைப்பதோடு கடமை முடிவதில்லை. 1996-இல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் 29-ஆவது வாரத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யாததால் பார்வை போனது. இழப்பீடாகச் சுமார் 1.8 கோடி ரூபாய் தரும்படி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2015 ஆகிவிட்டது. 28 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளையின் கண்ணை இரண்டு, மூன்று வாரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் அடுத்த கண், காது பரிசோதனைத் தேதியைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தேதியில் வராத பிள்ளையின் வீட்டுக்குக் கிராம சுகாதாரச் செவிலியரை அனுப்புங்கள்.