பார்க்கறதுக்கு மட்டும்தான் நாமளா?

மக்களே, ஒரு சின்ன டவுட்டு. 2006 தேர்தலுக்கு அப்புறம் அரசாங்கமே இலவசமா கலர் டிவி குடுத்துச்சு. 2011-ல அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்கு வந்துச்சு. அதுவும் வேணாமா? மொட்டைமாடியில ஒரு டிஷ் வெச்சா தூர்தர்ஷனோட ஃப்ரீ டிஷ், மாசக் கட்டணமே கிடையாது. சீரியல் பாக்கணும்னா எல்லாக் கதவும் தொறக்குது.

இன்டர்நெட்டுக்கு மட்டும் ஏன் மூடிக்குது? சிங்கப்பெருமாள் கோவில்ல, ஒரகடம் கம்பெனி பஸ் தினமும் போற எங்க தெருவுக்கு லைன் கேட்டா, "இன்னும் நாலு வீடு சேரட்டும் தம்பி"ங்கறாங்க. செல்போன் டேட்டா இருக்கேங்கறீங்களா? தங்கச்சி கிளாஸ், என் அக்கவுண்ட்ஸ் வீடியோ... சாயங்காலமே கோட்டா காலி.

12,525 ஊராட்சிக்கும் ஃபைபர் இழுக்கறது பாரத்நெட் திட்டம். நல்லது. ஆனா ஊராட்சி ஆபீசோட நின்னுட்டா எனக்கென்ன லாபம்? கேரளாவுல 2023-ல கே-ஃபோன் தொடங்கினப்போ, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்புன்னு இலக்கு வெச்சாங்க. எட்டுறது அப்புறம், 'வீடு வரைக்கும்'னு யோசிச்சாங்கல்ல?

டிவி ஒருவழிப் பாதை. நெட்டுல பாடம் படிக்கலாம், வேலைக்கு அப்ளை பண்ணலாம், திருப்பிக் கேள்வியும் கேக்கலாம். அதான் பிரச்சினையோ?

கேபிள் மாதிரி மலிவா ஒரு வீட்டு லைன் குடுங்க சாமி. சீரியலை நாங்களே தேடிப் பாத்துக்கறோம்!