ஆங்கிலம் பழகுவோம்: அழைத்தவன் சலீமா, காசிமா?

ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ பயிலும் உங்கள் பிள்ளையை அழைத்து, "நவுன் என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். ஆள், இடம், பொருள் ஆகியவற்றின் பெயரைக் குறிப்பது என்று மூச்சு விடாமல் ஒப்புவிப்பான். ஆங்கிலத்தின் எட்டு வகைச் சொற்களுக்கும் அவனிடம் இலக்கணம் உண்டு. "சரி, ஒரு வாக்கியம் சொல்" என்றால் தலையைக் குனிந்துகொள்வான். பிள்ளையைக் குறை கூறிப் பயனில்லை. சொல்லின் வகை என்பது வாக்கியத்தில் அது செய்யும் வேலை. வேலையைக் காட்டாமல் பெயரை மட்டும் மனனம் செய்வித்தால் வேறென்ன விளையும்?

"எனக்கு ஆங்கிலம் தெரியாதே!" என்று தாய்மார்கள் தயங்க வேண்டியதில்லை. விளையாட்டைத் தமிழிலேயே தொடங்கலாம். மூன்று அட்டைகளில் 'சலீம்', 'காசிமை', 'அழைத்தான்' என்று எழுதி, மூன்று பிள்ளைகளின் கையில் கொடுத்து வரிசையாக நிறுத்துங்கள். அவர்கள் ஆறு விதமாக இடம் மாறி நின்றாலும் அழைத்தவன் சலீமே. காசிமின் பெயரோடு ஒட்டியிருக்கும் 'ஐ' உருபு அவனைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

இனி ஆங்கில அட்டைகள்: 'சலீம்', 'கால்டு', 'காசிம்'. இங்கே உருபு ஏதுமில்லை. முதலில் நிற்பவனும் கடைசியில் நிற்பவனும் இடம் மாறிய அக்கணமே அழைத்தவன் அழைக்கப்பட்டவன் ஆகிவிடுகிறான்! 'கால்டு' ஓரத்துக்குப் போனாலோ வாக்கியம் குலைந்துவிடும். ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடமே அதன் அதிகாரம் என்பதைப் பிள்ளைகள் கால்களாலேயே கற்றுக்கொள்வார்கள். அடுத்து, சலீமுக்குப் பதில் 'ஹி' அட்டையையும் காசிமுக்குப் பதில் 'ஹிம்' அட்டையையும் கொடுங்கள். இவ்விருவரும் இடம் மாற முடியாது. 'ஹிம் கால்டு ஹி' என்பது பிழை. பெயர்ச்சொல் என்றோ இழந்துவிட்ட வேற்றுமை வடிவத்தைப் பிரதிப்பெயர் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறது.

அடுத்தது சிரிப்பு விளையாட்டு. அமெரிக்கர்களான லெனர்டு ஸ்டெர்ன், ராஜர் பிரைஸ் என்னும் இருவர் 1953-இல் இதைக் கண்டு, 1958-இல் 'மேட் லிப்ஸ்' என்ற பெயரில் நூலாக வெளியிட்டனர். ஒரு கதையை எழுதி, ஆங்காங்கே சொற்களை விட்டுவிட வேண்டும். கதையைக் காட்டாமலேயே "ஒரு பெயரடை சொல், ஒரு பெயர்ச்சொல் சொல், ஒரு வினையடை சொல்" என்று கேட்டு, விடுபட்ட இடங்களை நிரப்பிப் படிக்க வேண்டும். "காரமான ஆட்டுக்குட்டி எங்கள் வீட்டுக்கு இரகசியமாக வந்தது" என்று அமைந்தால் வீடே சிரிக்கும். பெயரடை கேட்ட இடத்தில் ஒருவன் 'ஓடினான்' என்று சொல்லியிருந்தால் சிரிப்பு வராது. "ஓடினான் ஆட்டுக்குட்டி" என்று வாக்கியம் நொண்டும். இலக்கணமே படித்திராத உம்மாவும் அடுப்படியிலிருந்தபடியே, "இது ஒவ்வவில்லையே" என்று சொல்லிவிடுவார். பெயரடை என்ற சொல்லை அவர் அறியாதிருக்கலாம். அது அமரும் இடத்தை அவர் செவி அறியும். அந்தச் செவியைத்தான் பிள்ளைக்கு ஆங்கிலத்திலும் உண்டாக்க வேண்டும். அதே கதையை மறுநாள் ஆங்கிலத்தில் ஆடட்டும்.

வினையடைக்கு ஆங்கிலேயர் இல்லங்களில் பழைய விளையாட்டு ஒன்று உண்டு. ஒரு பிள்ளை வெளியே போக, மற்றவர்கள் 'ஸ்லோலி', 'ஆங்கிரிலி' போன்ற ஒரு சொல்லைத் தங்களுக்குள் தேர்ந்துகொள்கிறார்கள். உள்ளே வந்த பிள்ளை, "ஓபன் த டோர்" என்று கட்டளையிடும். அச்சொல்லுக்கேற்பக் கதவைத் திறந்து காட்ட வேண்டும். சொல் எது என அப்பிள்ளை கண்டுபிடிக்க வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கை. 'லி' என்று முடிவதெல்லாம் வினையடை என்று சில கையேடுகள் சொல்லிக் கொடுக்கின்றன. அதை நம்பவேண்டாம். 'ஃப்ரெண்ட்லி' பெயரடை. வேகத்தைக் குறிக்கும் 'ஃபாஸ்ட்' 'லி' இல்லாமலேயே வினையடையாக வரும்.

அந்த 'ஃபாஸ்ட்' நமக்கு மிகவும் வேண்டிய சொல்லாயிற்றே! 'ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்' என்கையில் வினையடை. 'எ ஃபாஸ்ட் டிரெயின்' என்கையில் பெயரடை. 'வி ஃபாஸ்ட் இன் ரமலான்' என்கையில் வினைச்சொல். 'ஹி ப்ரோக் ஹிஸ் ஃபாஸ்ட்' என்கையில் பெயர்ச்சொல். வேகத்துக்கும் நோன்புக்கும் என்ன உறவு என்பீர்கள். உறுதியாகப் பற்றிக்கொள்ளுதல் என்னும் ஒரே பழம்பொருளிலிருந்து கிளைத்தவை இரண்டும். காலை உணவாகிய 'பிரேக்ஃபாஸ்ட்' கூட, இரவு முழுதும் இருந்த நோன்பைத் திறப்பதுதான்.

இந்த மாதப் பயிற்சிக்கு 'ரவுண்ட்' என்னும் சொல்லைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பெயர், வினை, பெயரடை, வினையடை, முன்னிடைச்சொல் என ஐந்து இருக்கைகளிலும் அது அமரும். 'எ ரவுண்ட் டேபிள்' என்ற ஒன்றை நாம் தந்துவிட்டோம். மற்ற நான்கையும் அவர்கள் தேடட்டும். அகராதியைப் பார்க்கத் தடையில்லை.