இலேசாகப் போகச் சொல்கிறவர்கள்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இப்போது எல்லாரும் ஒரே மந்திரத்தைத்தான் ஓதுகிறார்கள்: சாமானைக் குறை. ஒரே பையோடு லண்டன் போய் இறங்கினேன் என்று ஒருவர் காணொளி போடுகிறார். ஏழு சட்டை போதும், மத்ததெல்லாம் அங்க போயி வாங்கிக்கலாம்லா என்கிறார் இன்னொருவர். புறப்படுவதற்கு முன் நடக்கும் விளக்கக் கூட்டங்களிலும் இதே பாட்டுதான். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த 'வாங்கிக்கலாம்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வங்கிக் கணக்கு ஒளிந்திருப்பதை யாரும் சொல்வதில்லை.

பண்டார் பாரு கெடாவின் தென்கோடி. கிரியான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பேராக்கின் பாரிட் புந்தார். கொஞ்சம் மேற்கே போனால் பினாங்கின் நிபோங் திபால். மூன்று மாநிலங்கள் உரசிக்கொள்ளும் இந்த மூலையில், செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை வெளிநாடு போவது இன்னமும் கோயில் வாசல் வரைக்கும் பேசப்படும் செய்தி. அந்தப் பிள்ளையின் அம்மா ரைஸ் குக்கரைப் பைக்குள் திணிக்கிறார் என்றால் அதைப் பட்டிக்காட்டுத்தனம் என்று சிரிக்காதீர்கள். அவர் கணக்குப் போட்டிருக்கிறார். ஒரு பவுண்டுக்கு ஐந்து ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். அங்கே 20 பவுண்டுப் பொருள் நமக்கு 100 ரிங்கிட்டைத் தாண்டும். போர்வை, சட்டி, தட்டு, குளிர்ச்சட்டை என்று முதல் வாரத்திலேயே அடுக்கிப் பாருங்கள். உபகாரச் சம்பளம் கைக்கு வர ஒரு மாதம் தாமதமானால் அந்தப் பிள்ளை யாரிடம் போய் நிற்கும்? கைப்பையோடு பறக்கிறவர் இலேசாகப் போவதாக நினைத்துக்கொள்கிறார். அவருடைய சாமானெல்லாம் அப்பாவின் கடன் அட்டைக்குள் மடிந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. நம்மைப் பார்த்து இலேசாகப் போ என்று சொல்வதில் ஒரு மறதி உண்டு. நாம் ஏற்கெனவே அப்படித்தான் வந்தோம். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி, ஜெரஜாத் தீவில் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் அடைபட்டு, பிறகு கங்காணிக்குப் பின்னால் தோட்டத்துக்கு நடந்தவர்களிடம் எத்தனை கிலோ இருந்திருக்கும்? 1942, 43இல் சயாம் ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஜப்பானியர்கள் கொண்டுபோனபோது யாருக்கும் பெட்டி கட்ட நேரம் கொடுத்ததாகக் கதை இல்லை. 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் கிடைக்காமல் ரஜூலா கப்பலில் திரும்பிப் போனவர்களும் வாழ்ந்த வாழ்க்கையில் பாதியை லயத்திலேயே விட்டுவிட்டுத்தான் போனார்கள். குறைந்த சாமான் என்பது நம் வீடுகளில் ஒரு வாழ்க்கைமுறைத் தேர்வாக இருந்ததே இல்லை. அது யாரோ நமக்காக முடிவு செய்த அளவு. இப்போது பை நிறைய எடுத்துப்போக ஒரு தலைமுறைக்கு வாய்த்திருக்கிறது. உடனே எளிமைப் பாடம் தொடங்கிவிட்டது.

எளிமைக்குக் காந்தியைக் காட்டுவார்கள். காட்டட்டும். 1888இல், பதினெட்டு வயதில், அவர் லண்டனுக்குக் கப்பலேறியபோது பெட்டிகளோடும் வீட்டுத் தின்பண்டங்களோடும்தான் ஏறினார். பெட்டிகளை முகவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சனிக்கிழமை கரையிறங்கியதால், ஞாயிற்றுக்கிழமை அவை கைக்கு வராமல், வெள்ளை ஃபிளானல் உடையில் கூசிப்போய் நின்றதைச் 'சத்திய சோதனை'யில் அவரே எழுதியிருக்கிறார். துறவெல்லாம் பிறகு வந்தது. முதலில் கையில் இருந்தால்தான் எதை விடுவது என்று ஒருவர் முடிவு செய்ய முடியும்.

ராமானுஜனைப் பாருங்கள். 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து 'நெவாசா' கப்பலில் புறப்படுமுன் குடுமியை எடுத்தார்கள், ஐரோப்பிய உடை மாட்டினார்கள். கேம்பிரிட்ஜுக்கு ஏற்ற ஆளாக அவரைக் குறைத்துத்தான் அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்த சில மாதங்களில் உலகப் போர் தொடங்கியது. தானே சமைத்துச் சாப்பிட்ட அந்த மனிதர், விதை நீக்கிய புளியும் நல்ல தேங்காய் எண்ணெயும் அனுப்பச் சொல்லி ஊருக்குக் கடிதம் எழுதினார். 1917இல் படுத்தார், 1919இல் திரும்பினார், 1920இல் இறந்தார். புளி இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உலகின் பெரிய கணித மூளைகளில் ஒன்றுக்கும் கைக்கெட்டாமல் போன பொருள் புளிதான் என்பதை, பையிலிருந்து ஊறுகாய்ப் போத்தலை எடுத்து வெளியே வைக்கச் சொல்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு போகலாமா? கூடாது. பெரும்பாலான விமானங்களில் ஒரு பைக்கு 23 கிலோதான். அதைப் படிக்கட்டில் தூக்கப்போவதும் அந்தப் பிள்ளைதான். நான் ஒரு பொறியாளன். ஆலையில் உதிரி பாகக் கிடங்கைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு பழைய பாடம் உண்டு. எதைக் கையிருப்பில் வைப்பது என்பதை எடையும் விலையும் மட்டும் தீர்மானிப்பதில்லை. அது இல்லையென்றால் எந்திரம் நிற்குமா, வெளியே கேட்டால் வந்துசேர எத்தனை நாளாகும் என்று பார்க்க வேண்டும். பத்து ரிங்கிட் ரப்பர் வளையம் இல்லாமல் ஒரு லைனே நின்றுபோகும்.

பையையும் இப்படியே கட்டலாம். பிரிட்டனுக்கு நம் ரைஸ் குக்கர் போகலாம். அதே மூன்று கால் பிளக், ஏறக்குறைய அதே மின்னழுத்தம். ஜப்பானுக்கு வேண்டாம். அங்கே 100 வோல்ட். 240 வோல்ட்டுக்குச் செய்த குக்கர் ஆறில் ஒரு பங்கு சூடுதான் தரும், அரிசி ஊறும், வேகாது. ஆஸ்திரேலியாவுக்கு மசாலைத்தூள் கொண்டுபோனால் அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் அந்த இடத்திலேயே அபராதம். அத்தை தன் மருமகனுக்குக் கொடுத்தனுப்பும் இரண்டு கிலோ பொட்டலத்தை மரியாதையோடு மறுத்துவிடுங்கள். பட்டமளிப்புக்கு இப்போதே வாங்கிய கோட்டு வீட்டிலேயே இருக்கட்டும்.

இங்கேதான் எனக்கு உண்மையான கோபம். எடையைக் குறைக்கப் பையைத் திறந்தால், கோட்டு உள்ளேயே இருக்கும், தமிழ்ப் புத்தகம் வெளியே வரும். 'அதான் போன்ல இருக்கே' என்பார்கள். சங்க இலக்கியம் இருக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்துக்கு நன்றி. ஆனால் சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' அங்குள்ள எந்தக் கடையில் கிடைக்கும்? கோ. புண்ணியவானின் 'செலஞ்சார் அம்பாட்' எந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் வாசலில் காத்திருக்கும்? கெடாக்காரர்கள் எழுதிய இந்த நாவல்களைக் கெடாவிலேயே தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. சட்டை எங்கும் கிடைக்கும், பற்பசை எங்கும் கிடைக்கும். தோட்டம் என்றால் என்ன, நீ எங்கிருந்து வருகிறாய் என்று அங்கே ஒருவர் கேட்கும்போது, கையில் எடுத்துக் கொடுக்க இந்தப் புத்தகங்களைத் தவிர நம்மிடம் அதிகம் கிடையாது.

ஆகவே செப்டம்பரில் புறப்படப்போகும் தம்பி தங்கைகளே, தராசில் எடை கூடினால் ஒரு ஜோடிச் சப்பாத்தை எடுத்து வெளியே வையுங்கள். அம்மா வைத்த புளியைத் தொடாதீர்கள். புத்தகத்தைத் தொடவே தொடாதீர்கள். யாராவது 'ஏன் இவ்ளோ சாமான்?' என்று கேட்டால், போகிற இடத்தில் எங்களுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை, அதனால்தான் என்று சொல்லுங்கள்.