30 நாற்காலி போட்டால் புகைக்கலாமாம்!
டீக்கடைக்கு ஒரு சட்டம், பெரிய ஓட்டலுக்கு ஒரு சட்டம்

(நமது நிருபர்)

டீக்கடை வாசலில் ஒருவர் நிற்கிறார். ஒரு கையில் டீ கிளாஸ், மறு கையில் சிகரெட். தெருவில்தானே நிற்கிறோம், எவன் கேட்பான் என்பது அவர் நினைப்பு. கடைக்காரர் நினைப்பும் அதேதான்.

இரண்டு பேர் நினைப்பும் தப்பு!

பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்று 2003-ம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த புகையிலைச் சட்டத்தின் 4-வது பிரிவு சொல்கிறது. திறந்த வெளிக்கு மட்டும் அதில் விலக்கு இருந்தது. 2008-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி புது விதிகள் அமலுக்கு வந்தன. அப்போது மத்திய சுகாதார மந்திரியாக இருந்தவர் நம்ம ஊர் டாக்டர் அன்புமணி ராமதாஸ். அந்த விதிகள் திறந்த வெளி விலக்கைக் கத்தரித்துவிட்டன. பஸ் ஸ்டாப், ரெயில் நிலையம், ஸ்டேடியம் எல்லாம் பொது இடம் ஆகிவிட்டன.

காசு வாங்கிக்கொண்டு தின்னவோ குடிக்கவோ கொடுக்கும் இடம் எதுவானாலும் அது 'உணவு விடுதி'. கேன்டீன், காபிக் கடை, பார் எல்லாமே அதில் அடக்கம். கடையைச் சுற்றி உள்ள திறந்த வெளியும் சேர்த்திதான். ஆகவே டீக்கடை பெஞ்சும் சட்டத்துக்குள் வந்துவிட்டது. பிடிபட்டால் ரூ.200 வரை அபராதம். புகார் வந்தும் கடைக்காரர் சும்மா இருந்தால் எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை குற்றத்துக்கு அவரும் கட்ட வேண்டும். ஆஷ்டிரே, தீப்பெட்டி, லைட்டர், புகைக்க உதவும் வேறு எதுவும் வைக்கக் கூடாது. கடை ஓரத்தில் கங்கு கனியத் தொங்கும் கயிறு இதில் சேராதா என்ன?

யாருக்கு விலக்கு?

சின்னக் கடைக்காரருக்கு இவ்வளவு கெடுபிடி. அதே 4-வது பிரிவில் கீழே ஒரு சலுகை இருக்கிறது. 30 அறை உள்ள ஓட்டல், 30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவு விடுதி, விமான நிலையம் ஆகிய மூன்றும் புகைப்பதற்குத் தனி இடம் வைத்துக்கொள்ளலாம்.

29 நாற்காலி போட்டவர் வாடிக்கையாளரை விரட்ட வேண்டும். இன்னொரு நாற்காலி இழுத்துப் போட்டவர் புகை அறை கட்டலாம். 30-வது நாற்காலியில் அப்படி என்ன மகிமை? புகைக்கு நாற்காலியை எண்ணத் தெரியாது. அறை கட்டவும், காற்றை வெளியே தள்ளும் மிஷின் வைக்கவும் பெரிய முதலாளியால்தான் முடியும் என்று கணக்குப் போட்டிருப்பார்களோ என்று தோன்றுகிறது.

அந்த அறைக்கும் இலக்கணம் உண்டு. நாலு பக்கமும் கூரை வரை சுவர். தானாக மூடிக்கொள்ளும் கதவு. உள்ளே காற்றழுத்தம் மற்ற இடத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் கதவு திறந்தாலும் புகை வெளியே வராமல், வெளிக்காற்று உள்ளே போகும். புகைக்காற்று நேராகக் கட்டிடத்துக்கு வெளியே போய்விட வேண்டும். வாசல் பக்கம் அறை கூடாது. முக்கியமானது இதுதான்: அந்த அறையில் புகைக்கலாம், வேறு எந்த சர்வீசும் கூடாது. காபி கூடாது, பஜ்ஜி கூடாது, பீர் கூடாது.

பாருக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அங்கே புகையும் சைடு டிஷ்ஷும் ஒரே மேஜையில்தான்.

சர்வர் கதி என்ன?

சாப்பிட வந்தவர் ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். சப்ளை செய்யும் பையன் எங்கே போவான்? ஷிப்ட் முடியும் வரை அந்தப் புகையில்தான் நிற்க வேண்டும். அவன் கையில் சிகரெட் இல்லை, சிகரெட் வாங்கக் காசும் இல்லை. நுரையீரலுக்குள் போவது மட்டும் அதே புகை. அடுத்தவர் விட்ட புகையால் உலகில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மிஷின் வைத்தாலும் புகை முழுசாகப் போகாது என்று அவர்களே சொல்கிறார்கள்.

அயர்லாந்து நாட்டில் 2004-ம் ஆண்டு மார்ச் மாதம் வேலை செய்யும் இடங்களில் புகைக்கத் தடை வந்தது. பார்களும் தப்பவில்லை. புகைக்கிறவரைத் திருத்துகிறோம் என்று அவர்கள் ஆரம்பிக்கவில்லை. பாரில் வேலை பார்ப்பவனும் தொழிலாளிதான் என்பதுதான் அவர்கள் வாதம். அங்கேயும் விலக்கு உண்டு. ஜெயில், ஓட்டல் படுக்கை அறை, மனநல ஆஸ்பத்திரி போன்றவை. ஆள் அங்கேயே தங்கி இருக்கிறார், அது அவருக்கு வீடு மாதிரி என்ற நியாயம். அந்த நியாயமாவது புரிகிறது. சாப்பாட்டு மேஜை யாருக்கு வீடு?

ஆபீசில் வேலை பார்க்கும் வாசகர்களுக்கும் ஒரு சேதி. ஆபீசுக்கு எந்த விலக்கும் கிடையாது. 'ஸ்மோக்கிங் ரூம்' என்று பலகை மாட்டி இருந்தால் அதுவே சட்ட விரோதம். தனியார் ஆபீசில் அபராதம் போடும் அதிகாரம் நிர்வாகத் தலைவருக்கே உண்டு. அவரே தன் அறையில் ஊதினால் ரசீது கிழிப்பது யார் என்று விதியில் தேடினேன். அகப்படவில்லை!

2016-17-ல் மத்திய அரசு எடுத்த சர்வேயில், கட்டிடத்துக்குள் வேலை பார்ப்பவர்களில் 100-க்கு 30 பேர் வேலை இடத்தில் பிறர் புகையைச் சுவாசித்ததாகத் தெரிய வந்தது. சட்டம் வந்து 13 வருஷம் கழித்து இந்தக் கணக்கு.

விலக்கு என்ற ஓட்டை வழியே ஹூக்கா பார்களும் நுழைந்தன. தமிழ்நாட்டில் 2023-ம் ஆண்டு அவற்றுக்குத் தடை வந்தது. நடத்தினால் 3 ஆண்டு வரை ஜெயில். ஹூக்காவுக்குக் கதவு மூடியாகிவிட்டது. சிகரெட் அறைக்கு மட்டும் கதவு தானாக மூடித் தானாகத் திறக்கிறது. அபராதத்தை ரூ.2 ஆயிரமாக உயர்த்த 2020-ம் ஆண்டின் சட்டத் திருத்த வரைவில் யோசனை சொன்னார்கள். வரைவு வரைவாகவே நின்றுவிட்டது.

'புகைப்பது குற்றம்' என்று 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் பலகை மாட்ட வேண்டும், யாரிடம் புகார் செய்வது என்று ஆளின் பெயரையும் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. இந்த வாரம் நான் ஏறி இறங்கிய ஓட்டல்களில் பலகை இருந்தது. பெயர் எழுத வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.