எரியாத கூரையின் விலை

கீற்றுக்கூரை எரியும். சேரியில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும், ஊர் ஆத்திரம் கொண்ட இரவுகளில் முதலில் பற்றியது கூரைதான். ஆகவே கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் நம் மக்கள் முதலில் மாற்றியதும் கூரையைத்தான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடு என்றால் ஒற்றைத் தீக்குச்சியால் அழிக்க முடியாத வீடு. அந்த ஆசையைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த ஷீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று விற்றவர்கள் சொல்லவில்லை.

இருப்பது கல்நார். சிமென்ட்டோடு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கலக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அதன் இழைகள் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலிலேயே தங்கிவிடும். நுரையீரல் இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்று, நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மீசோதீலியோமா ஆகியவை வரக்கூடும். புற்று வெளியே தெரிய இருபது, முப்பது, சில சமயம் நாற்பது ஆண்டுகள்கூட ஆகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வெள்ளைக் கல்நார் உட்பட எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது.

'இழை சிமென்ட்டுக்குள் பூட்டப்பட்டிருக்கிறது, ஆபத்தில்லை' என்கிறது தொழில்தரப்பு. பூட்டை யார் திறக்கிறார்கள் என்று பாருங்கள். ஷீட்டைக் கட்டிங் மெஷினில் அறுப்பவர், போல்ட் மாட்டத் துளை போடுபவர், கீழே விழுந்த தூளைப் பெருக்கி அள்ளும் சித்தாள். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் கூரைகளைப் பிய்த்தெறிந்ததே, அப்படி உடைந்து நொறுங்கும் ஷீட்டுகளை எந்தச் சாதியினர் வெறுங்கையோடு அள்ளுகிறார்கள்? பண்ணை வீடுகளிலும் ஷீட் இருக்கிறது, மறுக்கவில்லை. அங்கே அது மாட்டுக் கொட்டகைக்கு. காலனியில் அதன் கீழேதான் பிள்ளைகள் படுத்துத் தூங்குகிறார்கள்.

நாட்டுக்குள் கல்நாரைத் தோண்டப் புதிய குத்தகை தருவதை இந்திய அரசு 1986இலேயே நிறுத்திவிட்டது. தோண்டுவது ஆபத்து என்று தெரிந்திருக்கிறது. ஆனால் ரஷ்யாவில் தோண்டியதை இறக்குமதி செய்து ஷீட் போடலாமாம்! அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. அமெரிக்காகூட 2024இல் வெள்ளைக் கல்நாருக்குத் தடை போட்டது. ரோட்டர்டாம் உடன்படிக்கையின் பட்டியலில் அதைச் சேர்க்கும் முயற்சியை 2013இல் எதிர்த்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. சேர்த்தால் தடைகூட வராது. 'இது ஆபத்தானது, சம்மதமா?' என்று வாங்கும் நாட்டைக் கேட்க வேண்டும், அவ்வளவே. கேட்பதற்கே நம் அரசுக்கு மனமில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சாசனப் பிரிவு 21 தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. கல்நார் ஆலைத் தொழிலாளரின் மருத்துவப் பதிவேட்டை வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், எது பிந்தையதோ அதுவரை, பாதுகாக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் பதிவேடு இருக்க முதலாளி என்று ஒருவர் வேண்டும். காலையில் நாற்சந்தியில் நின்று கொத்தனார் கூப்பிட்ட இடத்துக்குப் போகிறவருக்கு எந்தப் பதிவேடு? இருபத்தைந்தாவது ஆண்டில் இருமிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனால், என்ன வேலை செய்தாய் என்று யார் கேட்கிறார்கள்? பீடி குடிப்பாயா என்றுதான் கேட்பார்கள்.

நாம் எத்தனை பேர் இந்தக் கூரையின் கீழ் வாழ்கிறோம் என்று தேடினால் அங்கேயும் இடறுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தகரத்தையும் ஆஸ்பெஸ்டாஸையும் ஒரே கட்டத்தில் போட்டு எண்ணிவிட்டது. சுமார் 16 விழுக்காடு வீடுகள் அந்தக் கட்டத்தில் இருக்கின்றன. அதில் தகரம் எவ்வளவு, கல்நார் எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. அடுத்த கணக்கெடுப்பிலாவது இரண்டையும் தனித்தனியாக எண்ண வேண்டும். அதைச் சாதிவாரியாக வெளியிடவும் வேண்டும்.

'காலனி' என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழக அரசு அறிவித்தது. வரவேற்கிறோம். 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்றும் சொல்கிறது. கீற்றை எடுத்து ஷீட் போட்ட குடும்பம் அந்தக் கணக்கில் எங்கே நிற்கும்? கடன் வாங்கிக் கூரை மாற்றியதே தகுதியிழப்பாகிவிடக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளையும் அந்தத் திட்டத்துக்குள் கொண்டுவந்து காங்கிரீட் போட்டுத் தர வேண்டும்.

ஆபத்து என்று சொல்லி மக்களையே பிடுங்கிப் போடச் சொல்வது அயோக்கியத்தனம். பிடுங்கும்போதுதான் தூசி அதிகம். தண்ணீரால் நனைத்து, உடைக்காமல், போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்க வேண்டும். இறக்குபவருக்கு வாயில் கட்டும் துண்டு போதாது, நுண்துகளை வடிகட்டும் முகமூடி வேண்டும். இறக்கியதைச் சேரியின் ஓரத்துக் குட்டையில் கொட்டக் கூடாது. இதற்கான செலவு அரசினுடையதும், இத்தனை ஆண்டுகள் விற்று லாபம் பார்த்தவர்களுடையதும். அடுத்த கிராமசபையில் உங்கள் தெருவின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளை எண்ணி, அந்த எண்ணிக்கையோடு தீர்மானம் கொடுங்கள்.