கூடாரத்தைத் தூக்கிப் போட்டுட்டுப் போகாதீங்க

1/ இலங்கையை சைக்கிளில் சுற்றி, ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கும் வீடியோக்கள் இப்போ நிறைய வருது. பார்க்க சந்தோஷமா இருக்கு. ஆனா ஒரு அறிவுரை மட்டும் எல்லாத்திலும் ஒட்டிக்கிட்டு வருது: "எடையைக் குறைங்க. கூடாரம் வேண்டாம். ஒரு தார்ப்பாய் போதும், தரையில் விரிச்சுப் படுத்துக்கலாம்." இது ஆளைக் கொல்லக்கூடிய அறிவுரை. ஏன் என்று சொல்கிறேன்.

2/ நான் சைக்கிளுக்கு எதிரி கிடையாது. போன பிப்ரவரியில் லீவு போட்டுவிட்டு நானும் போனேன். யாழ்ப்பாணத்தில் கிளம்பி சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, மன்னார், அனுராதபுரம், திருகோணமலை. ஐந்து நாள், 300 கிலோமீட்டருக்கு மேல். பூநகரி தாண்டி மன்னார் வரைக்கும் பல இடங்களில் ஒதுங்க நிழலே இல்லை. மன்னாரில் அந்தப் பெருக்க மரத்தைப் பார்த்ததும் களைப்பு போய்விட்டது. மறுபடியும் போவேன்.

3/ எடை குறைப்பது நல்லதுதான். ஆனால் தார்ப்பாய் மட்டும் போதும் என்பது குளிர் நாட்டு மலைப்பாதைகளில் நடப்பவர்களின் பழக்கம். அங்கே ராத்திரி பயம் குளிரும் மழையும். இலங்கையின் வடக்கும் வட மத்தியும் அப்படி இல்லை. வயல், குளம், தவளை, எலி. அதைத் தேடி வரும் பாம்பு. நம்ம டெல்டா மாதிரியே.

4/ இலங்கையில் வருஷத்துக்கு சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, 400 பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்று 2016-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது. எல்லாப் பாம்பும் ஒரே மாதிரி கடிப்பதில்லை. கண்ணாடி விரியனை நாம்தான் தெரியாமல் மிதிக்கிறோம். கட்டுவிரியன் விஷயம் வேற. அது ராத்திரி நடமாடும். தரையில் தூங்குகிறவரைப் படுக்கையிலேயே கடிக்கும்.

5/ அந்தக் கடி பெரும்பாலும் வலிக்காது. வீக்கம் இருக்காது. பல் பட்ட இடம்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி. அப்புறம் கண் இமை சொருகும். எச்சில் முழுங்க முடியாது. கடைசியில் மூச்சு விடும் தசையும் நின்று போகும்.

6/ எங்கள் வார்டுக்கு ஒருமுறை செங்கல் சூளைத் தொழிலாளி ஒருவரின் மகன் வந்தான். 19 வயசு. சூளை ஓரம் சாக்கை விரிச்சுப் படுத்தவன். காலையில் வயிற்று வலி என்று பக்கத்தில் காட்டியிருக்கிறார்கள். "கேஸ் பிராப்ளம்" என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் வந்தபோது கண்ணைத் திறக்கவே முடியவில்லை. டியூப் போட்டோம். ஆறு நாள் வென்டிலேட்டர். பிழைத்தான்.

7/ பேச்சு வந்ததும் அவன் சொன்னது: "எல்லாம் காதுல கேட்டுச்சு சார். அம்மா அழுததும் கேட்டுச்சு. கையை அசைக்கத்தான் முடியல." கட்டுவிரியன் விஷம் அப்படித்தான். நினைவு தப்பாது. உடம்பு மட்டும் பூட்டிக்கொள்ளும். நரம்பு முனைகளையே சேதப்படுத்துவதால், விஷமுறிவு மருந்து ஏற்றினாலும் அவை திரும்ப வளரும் வரை மெஷின்தான் மூச்சு விட வேண்டும்.

8/ இந்தக் கடியோடு எங்களிடம் வருகிறவர்கள் சைக்கிள் பயணிகள் இல்லை. சூளையில், வயல் காவலில், ஓலைக் குடிசையில், வேற வழி இல்லாமல் தரையில் படுக்கிறவர்கள். அவர்களுக்கு ஒரு கட்டிலும் வலையும் கிடைத்தால் வேண்டாம் என்றா சொல்வார்கள்? கையில் காசும் கூடாரமும் இருக்கிற நாம் அதை "தேவையில்லாத எடை" என்கிறோம். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

9/ கூடாரத்தின் ஜிப்பும் அடித்துணியும் சொகுசு இல்லை, மருத்துவப் பாதுகாப்பு. தென்கிழக்கு நேபாளத்தில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வு ஒன்றில், கொசுவலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக்கடி வெகுவாகக் குறைந்திருந்தது. வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகினால் பாம்பு உள்ளே வராது. அவ்வளவு எளிய விஷயம். கூடவே கொசுவும் வராது. அந்த ஊரில் டெங்குவும் உண்டு.

10/ "படுக்கையைச் சுற்றி உப்பு தூவினேன், பூண்டு வெச்சேன், பினாயில் ஊத்தினேன்" என்று கமென்டில் வராதீங்க. பாம்பு அதைத் தாண்டித்தான் வரும். ஜிப் மூடியிருந்தால் மட்டும்தான் வராது.

11/ "டாக்டர் பயமுறுத்துறார்" என்பீங்க. கணக்கைப் பாருங்க. ஒருவர் படுக்கும் கூடாரம் ஒன்றரை கிலோ. தார்ப்பாயை விட ஒரு கிலோதான் அதிகம். தண்ணீரே மூணு லிட்டர், மூணு கிலோ தூக்கிட்டுத்தான் போகணும். நம்மில் பலர் வயிற்றிலேயே அஞ்சு கிலோ கூடுதலாகச் சுமக்கிறோம், என்னையும் சேர்த்து. குறைக்கணும்னா அங்கிருந்து ஆரம்பிக்கலாம். கூடாரம் முடியவே முடியாதா? வலை வைத்த ஹாமாக் எடுங்க, அல்லது கொசுவலை மட்டுமாவது எடுங்க.

12/ போகிறவர்களுக்கு:
- இருட்டுவதற்கு முன் இடம் பிடிங்க. அனுராதபுரம்–திருகோணமலை ரோட்டில் மாலைக்கு மேல் யானையும் வரும்.
- காட்டுக்குள் தங்காதீங்க. கோயில், தேவாலயம், வீட்டு முற்றம், எங்கேயும் கேட்டுத் தங்குங்க. நான் தங்கியது அப்படித்தான். யாரும் முகம் சுளிக்கவில்லை, டீ வேற கொடுத்தார்கள்.
- விறகு, வைக்கோல், கரையான் புற்று, குப்பைக்குப் பக்கத்தில் வேண்டாம்.
- உள்ளே போனதும் ஜிப்பை மூடுங்க. ஒன்றுக்குப் போக எழுந்தால் டார்ச், ஷூ. ஷூவை உதறிவிட்டுப் போடுங்க.

13/ தரையில் தூங்கி எழுந்தவருக்குக் காரணம் தெரியாத வயிற்று வலி, இமை சொருகல், முழுங்கக் கஷ்டம் என்றால், கடித்த தடம் இருக்கா என்று தேடிக்கொண்டு நிற்காதீங்க. கட்டுவிரியன் என்றே நினைத்துக் கிளம்புங்க. இலங்கையில் 1990, இலவச ஆம்புலன்ஸ். இங்கே 108. கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது. "ராத்திரி தரையில் படுத்திருந்தார்" என்ற ஒரு வரியை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்க. அந்தப் பையனுக்காக அந்த ஒரு வரியை முதலில் யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

14/ அந்த வீடியோ போடும் தம்பிகளுக்கு: உங்களுக்குப் பத்து ராத்திரி ஒன்றும் ஆகவில்லை என்பது ஆதாரம் இல்லை. உங்களை நம்பிக் கூடாரத்தை வீட்டில் வெச்சுட்டுக் கிளம்புகிறவர்கள் ஆயிரம் பேர். அடுத்த வீடியோவில் அந்த அறிவுரையைத் திருத்திச் சொல்லுங்க. அது போதும்.

தீவு அழகு. போயிட்டு வாங்க. ஜிப்பை மூடிட்டுத் தூங்குங்க.